ஒன்பதாம் வகுப்புக்கு நிலவரைபடம்: சம உயரக் கோட்டை எங்கிருந்து தொடங்குவது?

ஊத்துக்குளி டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் விசைத்தறிக் குடும்பங்களிலிருந்தும் மீதிப் பேர் தோட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். வெற்றுப் படத்தைக் கொடுத்துக் காவிரியையும் ஆனைமலையையும் குறிக்கச் சொன்னால் ஒருவரும் தவறுவதில்லை. தேர்வுக்கு அது போதும் என்பதால் நாங்களும் அதையே திரும்பத் திரும்பப் பழக்கிவிடுகிறோம். ஆனால் அதே பிள்ளையிடம் ஊர், சாலை, ஆறு, நிலத்தின் மேடுபள்ளம் எல்லாம் காட்டும் ஒரு தலப்படத்தைக் கொடுத்து, இந்த ஊரிலிருந்து அந்த ஊர் எத்தனை கிலோமீட்டர், வழி ஏற்றமா இறக்கமா என்று கேட்டால் விழிக்கிறது. குறித்துக் காட்டுவது ஒரு திறன், படித்துக் காட்டுவது வேறொரு திறன் என்பதே என் அனுபவம்.

இரண்டு இடங்களில்தான் வகுப்பு முழுவதும் தடுமாறுகிறது. ஒன்று அளவை, அதாவது தாளில் உள்ள நீளத்துக்கும் தரையில் உள்ள நீளத்துக்கும் இடையிலான விகிதம். மற்றொன்று ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்து வரையும் சம உயரக் கோடு. பாடநூலில் இருக்கும் குன்றின் படத்தைப் பார்த்துவிட்டு, தரையில் உண்மையாகவே கோடு போட்டிருப்பார்களா என்று ஒரு மாணவன் கேட்டான். கேள்வியில் குற்றமில்லை. நம் கொங்குப் பகுதியில் கண்ணால் காணக்கூடிய ஒன்றை வைத்து இவற்றைத் தொடங்க முடியுமா? நில அளவையிலும் புவியியலிலும் பழக்கமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

சங்கிலிக்காரர்

டீச்சருக்கு வணக்கம். நில அளவைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். என் கருத்து நேரடியானது: தலப்படத்தை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உரிய நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்திலிருந்து தொடங்குங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் என்கிறீர்கள். அவரவர் வீட்டில் பட்டாவும் கிரயப் பத்திரமும் இருக்கும். சர்வே எண் தெரிந்தால் புலப்படத்தை அரசின் நிலவிவர இணையதளத்திலேயே பார்க்கலாம். புலப்படம் 1:1000, 1:2000 போன்ற பெரிய அளவைகளில் வரையப்பட்டிருக்கும். தான் ஓடித் திரிந்த காட்டின் வரப்பைத் தாளில் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு அளவை என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு ஏறத்தாழ 64 மீட்டர். அதை 1:1000 அளவையில் வரைந்தால் பக்கம் 6.4 சென்டிமீட்டர் வரும், உள்ளே கிணறும் களமும் கூடக் குறிக்கலாம். அதே ஏக்கரை 1:50,000 அளவையுள்ள தலப்படத்தில் வரைந்தால் பக்கம் ஒன்றேகால் மில்லிமீட்டர், பென்சில் முனை பட்டால் மறைந்துவிடும். எண் பெரிதாக இருப்பதால் 1:50,000 என்பதுதான் பெரிய அளவை என்று பிள்ளைகள் நினைப்பார்கள். பின்னத்தில் கீழே இருக்கும் எண் கூடக் கூட மதிப்பு குறைகிறது என்பதைக் கணக்கு வகுப்பில் படித்திருந்தாலும், ஒரு ஏக்கரை இரண்டு தாளிலும் வரைந்து பார்த்த பிறகுதான் அது மனத்தில் நிற்கும். நாங்கள் பழகிய சங்கிலிக்கு 66 அடி நீளம், 100 கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். கயிற்றில் அந்த நீளத்தைக் குறித்து விளையாட்டுத் திடலை அளக்கச் செய்தால் அன்றைய வகுப்பு அதிலேயே முடிந்துவிடும்.

திசைக்குப் பத்திரத்தில் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியே போதும். 'இன்னார் பூமிக்கு வடக்கு, இட்டேரிக்குத் தெற்கு' என்று எழுதியிருப்பதைப் படித்தவுடன் பெரும்பாலோர் இன்னார் பூமியை வடக்கே வரைந்துவிடுவார்கள். நம்முடைய நிலம்தான் அவருக்கு வடக்கே இருக்கிறது. அவருடைய நிலம் நமக்குத் தெற்கே. பெரியவர்களே இதில் தலைகீழாகப் புரிந்துகொண்டு வேலிச் சண்டை போட்டதைப் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். நான்கு எல்லையைப் படித்துப் படம் வரையச் சொல்லும் ஒரு பயிற்சி, திசைகாட்டியைப் பற்றிய பத்துப் பக்கத்துக்குச் சமம்.

பீளமேட்டுப் புவியியல்

ஐயா சொல்வதில் அளவை பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் புலப்படத்தோடு நின்றுவிட்டால் பிள்ளைகளுக்கு இரண்டு செய்திகள் கிடைக்காமலே போகும். அதில் உயரம் இல்லை. உலகத்தில் அந்த நிலம் எங்கே இருக்கிறது என்ற முகவரியும் இல்லை. டீச்சர் கேட்டிருப்பதில் பாதி அதுதான்.

முகவரிக்குக் கோவையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. வடக்கு அட்சம் 11 பாகையும் கிழக்குத் தீர்க்கம் 77 பாகையும் வெட்டிக்கொள்ளும் புள்ளி, கோவை மாநகருக்குள்ளேயே, ராமநாதபுரத்துக்கும் சிங்காநல்லூருக்கும் இடையில் திருச்சி சாலையையொட்டி விழுகிறது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தலப்படம் ஒவ்வொன்றும் 15 நிமிட அட்சமும் 15 நிமிடத் தீர்க்கமும் கொண்டது. ஆகவே பழைய எண்முறைப்படி 58 ஏ/16, 58 பி/13, 58 இ/4, 58 எஃப்/1 ஆகிய நான்கு தாள்களின் மூலைகள் அந்த இடத்தில் கூடுகின்றன. கோவை முழுவதையும் ஒரே பார்வையில் காண விரும்பும் மாணவன் நான்கு தாள்களை ஒட்டித்தான் ஆக வேண்டும்! அந்த ஒட்டும் வேலையைச் செய்யும்போதே அட்சமும் தீர்க்கமும் வெறும் மனப்பாடக் கோடுகள் அல்ல, தாளின் விளிம்புகளே அவைதாம் என்பது தெரிந்துவிடும். இங்கே ஓர் எச்சரிக்கை: பழைய தாள்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய கணக்கை அடிப்படையாகக் கொண்டவை, கைபேசியின் இடங்காட்டி டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறோர் அடிப்படையைக் கொண்டது. பழைய தாளில் படித்த எண்ணை அப்படியே கைபேசியில் இட்டுத் தேடினால் புள்ளி சில நூறு மீட்டர் விலகி நிற்கும்.

தீர்க்கத்திலிருந்து நேரத்துக்குப் போகலாம். இந்தியத் திட்ட நேரம் 82 பாகை 30 நிமிடத் தீர்க்கத்துக்கு உரியது. நமக்கும் அதற்கும் ஐந்தரைப் பாகை இடைவெளி. பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் 22 நிமிடம். கோவையில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது அல்ல, சராசரியாக 12.22க்கு. பருவத்துக்கேற்ப இது கால் மணி நேரம் வரை முன்பின்னாக மாறும். ஏப்ரல் 18, 19 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும் சூரியன் நம் அட்சத்துக்கு நேர் மேலே வருகிறது. அந்த நாள்களில் உச்சிப் பொழுதில் நட்டுவைத்த குச்சிக்கு நிழல் இருக்காது. மற்ற நாள்களில் அதே குச்சியின் மிகக் குறுகிய நிழல் வடக்கு–தெற்குக் கோட்டைக் காட்டிவிடும். சூரியன் உதிக்கும் திசையே கிழக்கு என்று மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். மார்கழி தொடக்கத்தில் நமக்குச் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல ஆசை. 1802இல் சென்னையில் தொடங்கிய முக்கோண நில அளவையை ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் தெற்கும் வடக்குமாக விரித்தபோது, விண்மீன்களை நோக்கி அட்சம் கணித்த நிலையங்களில் ஒன்று கோவைப் பகுதியிலுள்ள பச்சாபாளையம். அங்கே அவர் கண்ட அட்சம் 10 பாகை 59 நிமிடம் 49 விநாடி, அதாவது 11 பாகைக் கோட்டுக்கு ஒரு கூப்பிடு தூரம். நிலவரைபட வரலாறு எங்கோ இங்கிலாந்தில் நடந்த கதை என்று நினைக்கும் மாணவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

அவிநாசி அப்பா

எல்லாரும் பெரியவர்கள், மன்னிக்கவும். என் மகளும் ஒன்பதாம் வகுப்புதான். கைபேசியில் ஊர்ப் பெயரைச் சொன்னால் வழி, தொலைவு, நேரம், போக்குவரத்து நெரிசல் எல்லாம் வந்துவிடுகிற காலத்தில், தாளை விரித்து நூல் வைத்து அளக்கக் கற்றுக்கொடுப்பது எதற்கு? மதிப்பெண்ணுக்காக என்றால் சரி. அதற்கு மேல் ஒரு பயன் இருக்கிறது என்று யாராவது தெளிவாகச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

பீளமேட்டுப் புவியியல்

நியாயமான கேள்வி. கைபேசியை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. நிலத்தோற்ற அடுக்கைத் திறந்தால் அதிலும் சம உயரக் கோடுகள் வருகின்றன. ஆனால் வழிகாட்டும் செயலி நமக்காக ஒரு கேள்விக்கு விடை சொல்கிறதே தவிர, நிலத்தைக் காட்டுவதில்லை. வீட்டுமனை வாங்கப் போகிறீர்கள். மழை பெய்தால் எந்தப் பக்கத்துத் தண்ணீர் இந்த மனை வழியாக வரும் என்று செயலியிடம் கேட்டுப் பாருங்கள். பழைய தலப்படத்தில் அந்த இடத்தில் நீலக் கோடு ஓர் ஓடையாக ஓடியிருந்தால், இன்று அங்கே தார்ச்சாலை இருந்தாலும் தண்ணீர் தன் வழியை மறக்காது. கோடுகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு நிமிட வேலை.

பெருந்துறை மேட்டுக்காடு

நான் ஆசிரியரும் அல்ல, அளவைக்காரரும் அல்ல. கீழ்பவானி வாய்க்காலுக்கு மேல்புறம் கொஞ்சம் மேட்டாங்காடும் கீழ்புறம் கொஞ்சம் பாசன நிலமும் வைத்திருக்கும் விவசாயி. தரையில் கோடு போட்டிருப்பார்களா என்று கேட்ட அந்தப் பையனுக்கு விடை சொல்லவே எழுதுகிறேன். ஆம், போட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்டிருக்கிறார்கள். அதன் பெயர் கீழ்பவானி வாய்க்கால்.

பவானிசாகரிலிருந்து புறப்படும் இந்த வாய்க்காலைப் படத்தில் பார்த்தால் எதற்காக இப்படி வளைகிறது என்று தோன்றும். கரடு ஒன்று எதிர்ப்பட்டால் அதன் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகிறது. பள்ளம் ஒன்று குறுக்கிட்டால் பள்ளத்தின் தலைப்பக்கம் ஏறி வளைந்து, தோதான இடத்தில் கடந்து திரும்புகிறது. நிலத்தில் ஒரே உயரமுள்ள இடங்களைத் தேடித் தேடி அவற்றை இணைத்து வெட்டியதால் வந்த வளைவு இது. சம உயரக் கோடு என்றால் இதற்கு மேல் விளக்கம் தேவையா? முற்றிலும் சமமாக இருந்தால் தண்ணீர் ஓடாது என்பதால் மிகச் சிறிய சரிவு கொடுத்திருக்கிறார்கள். ஆகவே உண்மையான சம உயரக் கோட்டை ஒட்டியே நெடுந்தொலைவு நடந்து, மெல்ல அடுத்த கோட்டை நோக்கி இறங்கும்.

அதன் விளைவையும் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம். தண்ணீர் போகும் திசையைப் பார்த்து வாய்க்கால் கரையில் நின்றால், இடக்கைப் பக்கம் நெல்லும் மஞ்சளும், வலக்கைப் பக்கம் கிணற்றையும் மழையையும் நம்பிய காடு. வாய்க்காலின் மட்டத்துக்குக் கீழே பவானி ஆற்றை நோக்கிச் சரிந்த நிலத்துக்குத்தான் மடையிலிருந்து தண்ணீர் தானாகப் பாயும். மேல்புறம் பத்தடி தள்ளி இருந்தாலும் பாயாது. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டின் எல்லையை இந்த ஒரே உயரக் கோடு முடிவு செய்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டு நிலம் வாய்க்காலுக்கு மேலா கீழா என்று விசாரிப்பது சம உயரக் கோட்டுக் கேள்விதான், சொல்பவர்களுக்கு அது தெரியாவிட்டாலும்.

பழைய வாய்க்காலையும் சேர்த்துக்கொள்ளலாம். பவானி கூடுதுறைக்கு அருகில் தொடங்கி நொய்யல் வரை போகும் காலிங்கராயன் வாய்க்கால் இன்னும் அதிகமாக வளைகிறது. பாம்பு ஊர்ந்து காட்டிய தடத்தில் வெட்டினார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். ஈரமுள்ள தாழ்வான தடத்தைத் தேடி வெட்டியவர்களுக்கு நிலத்தின் மட்டம் நன்றாகத் தெரிந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். படத்தில் அந்த வளைவின் மேல் நூலை வைத்து நீளத்தை அளந்து, இரு முனைகளுக்கும் இடையிலான நேர்க்கோட்டோடு பிள்ளைகள் ஒப்பிடட்டும்.

ஊத்துக்குளி டீச்சர்

ஐயா, மிக்க நன்றி. எங்கள் பிள்ளைகளில் பலர் தினமும் அந்த வாய்க்காலைக் கடந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள். நானும் பேருந்தில் கடக்கிறேன். இனி வகுப்பில் குன்றின் படத்தைத் தொடுவதற்கு முன்பே வாய்க்கால் வந்துவிடும். இதற்கு எந்தத் தாள் பொருத்தம்? கோடுகளின் நெருக்கத்தை வைத்துச் சரிவைக் கணக்கிடுவது அடுத்த பாடம். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். சூத்திரத்தை எழுதிப்போட்டால் எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

பீளமேட்டுப் புவியியல்

58 இ/11 என்ற தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரோடு, பெருந்துறை, பவானி மூன்றும் அதில் இருக்கின்றன; காவிரியோடு பவானி கூடும் இடம், காலிங்கராயன் தொடங்கும் இடம், கீழ்பவானியின் ஒரு நீண்ட பகுதி எல்லாம் ஒரே தாளில் கிடைக்கும். சென்னிமலை வேண்டுமானால் அதற்குத் தெற்கே ஒட்டிய 58 இ/12. இந்தத் தாள்களில் சம உயரக் கோடுகளின் இடைவெளி பொதுவாக 20 மீட்டர். சமவெளியில் அடுத்த கோட்டைத் தேடி விரல் நெடுந்தொலைவு போக வேண்டியிருக்கும். சென்னிமலையை அடைந்ததும் பழுப்புக் கோடுகள் மூடிய வளையங்களாக நெருக்கியடித்து நிற்கும். இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினால் நெருக்கம் என்றால் செங்குத்து என்பதைச் சொல்லாமலே கண்டுபிடிப்பார்கள்.

சரிவைக் கணக்கிட நீலகிரி மலை ரயிலைக் கொண்டுவாருங்கள். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். உதகை நிலையம் 2,203 மீட்டர். பாதையின் நீளம் 46 கிலோமீட்டர். உயர வேறுபாட்டை நீளத்தால் வகுத்தால் சராசரிச் சரிவு 25 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று வரும். ஆனால் கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையில் மிகச் செங்குத்தான இடங்களில் அது ஏறத்தாழ 12 மீட்டருக்கு ஒரு மீட்டர். அதனால்தான் அங்கே என்ஜினின் பல்சக்கரம் பற்றி ஏறப் பற்சட்டம் பொருத்தியிருக்கிறார்கள். சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு ரயிலை ஓட்ட முடியாது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

நிலத்தை வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோன்ற குறுக்குவெட்டுத் தோற்றம் வரையும்போது ஒரு பொறி இருக்கிறது. தொட்டபெட்டாவிலிருந்து தெற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனைமலை வரை ஒரு கோடு இழுத்து வரையச் சொன்னால், 2,637 மீட்டர் உயரமும் கிடைமட்ட அளவையிலேயே வரையப்பட்டால் பார்க்க மிகச் சிறிதாக இருக்கும் என்பதால், எல்லோரும் உயரத்தைப் பத்து மடங்கு மிகைப்படுத்திவிடுவார்கள். மிகைப்படுத்துவதில் தவறில்லை, எத்தனை மடங்கு என்று ஓரத்தில் எழுத வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கணவாய் ஒரு குறுகிய சந்து என்றும் இருபுறமும் சுவர்கள் நிற்கின்றன என்றும் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலமான திறப்பு. ஆடிக் காற்று அதன் வழியாகப் புகுந்து பல்லடம், உடுமலை வரை காற்றாலைகளைச் சுழற்றுவதற்கும் கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே ரயில் பாதை மலையேறாமல் போவதற்கும் அந்த அகலமும் தாழ்வுமே காரணம்.

சங்கிலிக்காரர்

வாய்க்கால் ஐயா சொன்னது எனக்கே உறைக்கிறது. உயரத்தைப் பொறுத்தவரை புலப்படத்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் முதல் வாரம் புலப்படம், பிறகு தலப்படம் என்ற என் வரிசையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தாளை அச்சிடும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்திய நில அளவைத் துறையின் இணையவாயிலில் பதிவு செய்துகொண்டால் பொதுப் பயன்பாட்டுத் தாள்களைத் தரவிறக்கலாம். புதிய வரிசையில் எண்முறை வேறு என்பதால் ஊர்ப் பெயரை வைத்துத் தேடுவது எளிது. நம் அட்சத்தில் 15 நிமிடம் என்பது ஏறத்தாழ 27 கிலோமீட்டர் சொச்சம். 1:50,000 அளவையில் தாளில் அது சுமார் 55 சென்டிமீட்டர். பள்ளியில் இருக்கும் ஏ4 அச்சுப்பொறியில் அதை 19 சென்டிமீட்டருக்குள் அடக்கிவிட்டால், ஓரத்தில் 1:50,000 என்று அச்சாகியிருந்தாலும் உண்மையான அளவை 1:1,45,000 அளவுக்குப் போய்விடும். அதை நம்பி இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் ஈரோட்டிலிருந்து பெருந்துறை நடந்து போகும் தூரமாகிவிடும். கிலோமீட்டர்களைக் குறித்துக் கீழே வரைந்திருக்கும் கோட்டளவை மட்டும் படத்தோடு சேர்ந்தே சுருங்குவதால் எப்போதும் சரியாக இருக்கும். பிள்ளைகளிடம் முதலில் கோட்டளவையைக் காகித விளிம்பில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே படத்தை இரண்டு அளவுகளில் நகலெடுத்துக் கொடுத்து, 1:50,000 என்ற பின்ன அளவை எதில் பொய்த்துப்போகிறது என்று கேட்பது நல்ல தேர்வுக் கேள்வி.

அவிநாசி அப்பா

வாய்க்கால் விளக்கத்தை மகளிடம் படித்துக் காட்டினேன். சம உயரக் கோடுகள் இரண்டு ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளுமா என்று கேட்கிறாள்.

பெருந்துறை மேட்டுக்காடு

ஒரே இடம் ஒரே நேரத்தில் இரண்டு உயரத்தில் இருக்குமா என்று திருப்பிக் கேளுங்கள் அண்ணா. வற்றிவரும் குளத்தின் கரையில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் இறங்க இறங்க விட்டுப்போன ஈரக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்குமே தவிர ஒன்றன்மேல் ஒன்று ஏறாது.

பீளமேட்டுப் புவியியல்

ஒரே ஒரு விலக்கு உண்டு, அவள் மேலும் கேட்டால் சொல்லலாம்: பாறை முன்னால் நீட்டிக்கொண்டு அடியில் குடைந்திருக்கும் இடத்தில் கோடுகள் குறுக்கிடும், செங்குத்துப் பாறையில் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பள்ளிப் பாடத்துக்கு அது தேவையில்லை.

ஊத்துக்குளி டீச்சர்

ஆகஸ்ட் மாதத்தில் வகுப்பை வாய்க்கால் கரைக்கு அழைத்துச் செல்லத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கலாம் என்றிருக்கிறேன். நிழலில்லா நாளும் அதே மாதத்தில் வருகிறது. ஒரே பயணத்தில் இரண்டையும் முடித்துவிடலாமா?

பெருந்துறை மேட்டுக்காடு

வேண்டாம் டீச்சர். வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். ஒரு வாரத்துக்குள் கரை முட்ட ஓடும், கரையில் பிள்ளைகளை நிறுத்துவது ஆபத்து. நிழல் சோதனையைப் பள்ளித் திடலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் பயணத்தை ஜூலையிலேயே முடித்துவிட்டால் தரையும் தெளிவாகத் தெரியும், இருபுறத்து மட்டமும் தெரியும். எந்தப் பாலத்தருகே வருகிறீர்கள் என்று முன்கூட்டியே இங்கே எழுதுங்கள். மடையைத் திறந்து காட்ட முடியாது, ஆனால் மேல்காடு எது கீழ்காடு எது என்று நானே வந்து காட்டுகிறேன்.